கதவைச் சாத்திய பூசை

எங்கள் கிட்டங்கியில் நிலக்கடலை மூட்டைகளைத் தூக்கி அடுக்க ஒரு மெஷின் வரப்போகிறது என்றதும் எல்லோருக்கும் சந்தோஷம். நானும் அம்மாவும் மட்டும் பயந்தோம். அம்மாவுக்கு இளைப்பு உண்டு. நாங்கள் பருப்புப் பொறுக்குவதும் அதே கிட்டங்கிக்குள்தான். ஆயில் என்ஜினில் ஓடும் மெஷின் என்றால் அந்தப் புகையில் அம்மாவால் உட்கார முடியாது. எங்களுக்கு வேறு பிழைப்பும் இல்லை.

கரண்டு மோட்டாரில் ஓடுவதையும் வாங்கலாம். ஒத்தக்கடை ரோட்டுக்கு அந்த வருஷம்தான் கம்பி இழுத்திருந்தார்கள். ஆனால் முதலாளி ஜெயக்கொடிக்குக் கரண்டு என்றாலே நடுக்கம். அவருடைய மச்சினன் பேயாண்டி அதை இன்னும் ஏற்றிவிட்டார்.

"தொட்டா ஆள் காலி மச்சான். என்ஜின்னா எண்ணெய ஊத்துனா ஓடும்."

சோதித்துப் பார்க்க ஒரு என்ஜினை வண்டியில் கொண்டுவந்து முற்றத்தில் ஓட்டியும் காட்டினார். ஆடிக்காற்று புகையை அள்ளிக்கொண்டு போனது.

"பாத்தீகளா, புகையே இல்ல!"

"முதலாளிகிட்டச் சொல்லும்மா" என்றேன்.

"என்னத்தச் சொல்ல? முடியலன்னா வீட்டுல இருன்னு சொல்லிருவாக" என்றாள் அம்மா.

வெள்ளிக்கிழமை பூசை. பூசை போட்டுவிட்டால் என்ஜின் எங்களுக்கென்று ஆகிவிடும். அதை உள்ளே தள்ளிவந்து மாலை போட்டார்கள்.

"ஓட்டி விடுங்கடா. நிக்கிற மெஷினுக்கா சூடம் காட்டுறது?" என்றார் முதலாளி.

என்ஜின் ஓடியது. சூடம்தான் நிற்கவில்லை, ஏற்ற ஏற்றக் காற்று அணைத்தது. பூசையில் சூடம் அணைந்தால் ஆகாதே. முதலாளி பதறினார்.

"கதவச் சாத்துங்கடா!"

சாத்தினார்கள். சூடம் நின்று எரிந்தது. கொஞ்ச நேரத்தில் அது எரிவதே தெரியவில்லை. மணிச் சத்தம் நின்று இருமல் கேட்டது. அம்மாவை இழுத்துக்கொண்டு சுவரோரம் நகர்ந்தேன்.

"ஐயோ, கதவத் தெறங்கடா!" அலறியது பேயாண்டி.

வெளியே வேப்பமரத்தைப் பிடித்துக்கொண்டு அம்மா மூச்சு வாங்கினாள். முதலாளியின் திருநீற்று நெற்றியில் கரி அப்பியிருந்தது.

"மாப்ள, புகையே இல்லேன்னியே?"

"வெளிய இல்லதான மச்சான்..."

"வெளியவா கடலை பொறுக்குறோம்? ஆடி பூரா கதவு சாத்தித்தானடா கெடக்கும்!" அவர் அம்மாவைப் பார்த்தார். "கரண்டு தொட்டாத்தான் கொல்லும். இது தொடாமலே கொல்லுதே. வண்டியில ஏத்து!"

உடைக்காத தேங்காயை முதலாளியம்மா எங்களிடம் கொடுத்தார். அதை மடியில் கட்டிக்கொண்டு அம்மா வழியெல்லாம் சிரித்துக்கொண்டே வந்தாள்.

மோட்டார் வந்த அன்றும் கதவைச் சாத்தித்தான் பூசை. சூடத்தின் புகை மட்டும் மெலிதாக எழுந்து கூரைக்குப் போனது. அம்மா தன் பழைய இடத்தில் உட்கார்ந்து முறத்தை இழுத்துக்கொண்டாள்.