மாடியில் விரித்த தார்ப்பாய்

செயற்கைக்கோள் எடுத்து அனுப்பும் படங்களின் தரம் பார்ப்பது அவள் வேலை. அவளுடைய அப்பா ஓய்வுபெற்ற லாரி டிரைவர்.

"அது நம்ம வீட்டுக்கு மேலயும் போகுமாம்மா?" என்று ஒருமுறை போனில் கேட்டார்.

"பத்தரைக்குப் போகும்ப்பா," என்று போகிறபோக்கில் சொல்லி வைத்தாள். ஒரே இடத்துக்கு மாதம் ஒருமுறைதான் வரும் என்று விளக்க அவளுக்குப் பொறுமை இல்லை.

அப்பாவை அடக்கம் செய்த மறுநாள் பக்கத்து வீட்டு அக்கா சொன்னாள்: "தினமும் பத்தரை அடிக்கறதுக்குள்ள மாடியில அந்த நீலத் தார்ப்பாயை விரிச்சிடுவாரு. 'என் பொண்ணு மேலேருந்து பார்ப்பா'ன்னு ஒரே பெருமை. அப்புறம் மடிச்சு வெச்சிட்டு இறங்குவாரு."

அலுவலகம் திரும்பியதும் முதல் வேலையாகப் பழைய படங்களைத் தோண்டி எடுத்தாள். அவர் போனில் கேட்டதற்குப் பிந்தைய முதல் இரண்டு வருடப் படங்களில் மாடிமேல் நீலமாக ஒரு பொட்டு இருந்தது. அந்தப் படங்களைத் தரம் பார்த்த நாட்களில் அது அவள் கண்ணில் படவே இல்லை. அதற்குப் பிறகு வந்த மூன்று வருடப் படங்களில் மாடி வெறுமையாகக் கிடந்தது. தண்ணீர்த் தொட்டியின் நிழல்தான் நீளமாக விழுந்திருந்தது.

காரணத்தை யாரும் அவளுக்குச் சொல்லித்தர வேண்டாம். எரிபொருள் தீர்ந்ததால் செயற்கைக்கோளின் பாதை கொஞ்சம் கொஞ்சமாக விலகி, அது வரும் நேரம் ஒன்பதரைக்கு நகர்ந்துவிட்டது. காலை வெயில் சாய்வாக விழுவதால் நிழல் நீளம், படம் மங்கல் என்று அறிக்கை எழுதி ஊருக்கெல்லாம் அனுப்பியவளே அவள்தான்.

அப்பாவிடம் மட்டும் சொல்லவில்லை. மூன்று வருடமாக, அது கடந்து போன பிறகே, முட்டிவலியோடு அவர் மாடி ஏறியிருக்கிறார்.