வாய்க்கால் வரிசையின் முதல் மரம்

செப்டம்பர் இரண்டாம் தேதி உலகத் தேங்காய் நாளாம். மலையாளத்தில் 'நாளிகேர தினம்' என்று பேனர் கட்டியிருந்தார்கள். மற்ற நாளெல்லாம் தேங்காய் என்ன விலைக்குப் போகிறது என்று எட்டியும் பார்க்காத ஆட்கள் அன்றைக்கு மலையாள எல்லை ஊரான மீனாட்சிபுரத்தில் மௌனிகாவின் தோப்பில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். அவள் தோப்பு இளநீரையே பேப்பர் கப்பில் ஊற்றி அவள் கையிலும் ஒன்று கொடுத்தார்கள். வாங்கிக்கொண்டாள்.

தோப்பு ரோட்டை ஒட்டி இருந்ததால், விழாவை அங்கே வைத்துக்கொள்ளலாமா என்று விவசாய ஆபீசான கிருஷி பவனில் கேட்டார்கள். புருஷன் போன பிறகு எதற்கும் மாட்டேன் என்று சொல்ல அவளுக்குத் தெம்பில்லை. சரி என்று தலையாட்டிவிட்டாள்.

புருஷன் ஆனந்தகுமார் போன வருஷம் ஆடியில் மரத்திலிருந்து விழுந்து செத்தான். ஏறுகிற ஆள் கிடைக்காமல், மரமேறும் மிஷின் ஒன்றை வாங்கி, பயிற்சிக்கும் போய்வந்து, தன் தோப்பைத் தானே பறித்துக்கொண்டிருந்தவன். காலுக்கு ஒன்றாக இரண்டு கம்பி வளையம். ஒன்றை மாற்றி ஒன்றை உயர்த்தி ஏற வேண்டும். ஒவ்வொரு எட்டுக்கும் கம்பி கறக் என்று மரத்தைக் கவ்வும். வாய்க்காலோர வரிசையை அன்றைக்குத்தான் தொடங்கியிருந்தான். முதல் மரத்தில் பாதிக் குலைதான் வெட்டியிருந்தான். மட்டை அடித்ததா, கம்பி நழுவியதா, யாருக்கும் தெரியாது. அதற்குப் பிறகு அந்த வரிசையில் மௌனிகா யாரையும் ஏற விடவில்லை. காய்கள் தானாக விழுந்து, விழுந்த இடத்திலேயே முளைத்துக் கிடந்தன.

அந்தப் பக்கத்துக் காற்றில் கீழே இருந்து கத்தினால் மேலே கேட்காது. அதனால் இரண்டு பேரும் ஓர் ஏற்பாடு வைத்திருந்தார்கள். கல்லால் மரத்தில் ஒரு தரம் தட்டினால், இறங்கி வா. அடுத்தடுத்து இரண்டு தரம் தட்டினால், வேலை போதும், வீட்டுக்குப் போகலாம். கேட்டுவிட்டது என்பதற்கு அவன் மேலே இருந்து அரிவாள் பிடியால் ஒரு தட்டுத் தட்டுவான். வீட்டுக்குப் போனதும் வாசல் பைப்பைத் திறந்து முழங்கால் வரை கழுவிக்கொள்வான். இடது முட்டியில் வலி உண்டு, தண்ணீர் பட்டால் இதம் என்பான். பைப்பைச் சரியாக மூடவே மாட்டான். அதற்காக அவன் அப்பா ஆறுச்சாமியிடம் தினமும் பாட்டு வாங்குவான்.

பேச்செல்லாம் ஒருவழியாக முடிந்தபின் கிருஷி ஆபீசர் ஜிபி எழுந்தாள். வண்டிப்பெரியாரிலிருந்து மாற்றலாகி வந்த பெண். தேயிலைக்காட்டில் வளர்ந்தவளுக்குத் தென்னையைப் பற்றி என்ன தெரியும் என்று ஊரில் சிரித்தார்கள். ஆனால் வேலையில் கெட்டி. மரத்துக்குள் கூன்வண்டுப் புழு அரிப்பதைக் கேட்கிற ஒரு சின்னப் பெட்டி வைத்திருந்தாள். அதன் ஊசியை வாய்க்கால் வரிசையின் முதல் மரத்தில் குத்தி, ஹெட்ஃபோனைக் காதில் மாட்டிக்கொண்டாள்.

"நல்லா கேக்குது. உள்ள பூரா அரிச்சிருச்சி. இந்தாங்கக்கா, நீங்களும் கேளுங்க."

மௌனிகா வாங்கி மாட்டினாள். கறக் என்றது. கொஞ்சம் நின்று, மறுபடி கறக். புழு என்றுதான் முதலில் நினைத்தாள். பிறகு அந்த நிற்றல் அவளுக்குப் பிடிபட்டது. வலது கால் சட்டென்று ஏறுகிறது. இடது கால் யோசித்து யோசித்து ஏறுகிறது. இந்த நடையை எத்தனை வருஷம் இந்தத் தோப்பில் நின்று கேட்டிருக்கிறாள்.

"இந்த மரத்த இன்னைக்கே வெட்டிரணும்க்கா. புழு வண்டாச்சுன்னா மத்த மரத்துக்குப் பறந்துரும்," என்றாள் ஜிபி. பக்கத்துக் காட்டுக்காரர் தனபால் மரமறுக்கும் மிஷினோடு தயாராக நின்றார். வெட்டிக் காட்டுவதும் அன்றைய நிகழ்ச்சியில் இருந்தது.

"கொஞ்சம் பொறுங்க மேடம். மேல ஆளிருக்குதுங்க."

வாய் தவறி வந்துவிட்டது. கூட்டம் மொத்தமும் அண்ணாந்து பார்த்தது.

"அம்மிணி, மேல காக்காகூட இல்ல," என்றார் தனபால். "போயி நெழல்ல உக்காரு."

உட்காரவில்லை. குனிந்து ஒரு கல்லை எடுத்து மரத்தில் ஒரு தரம் தட்டினாள். ஹெட்ஃபோனில் சத்தம் நின்றது. வெகு மேலே, டொக் என்று ஒரு தட்டு. அப்புறம் கறக், கறக் என்று இறங்க ஆரம்பித்தது. அவள் தலைக்கு மேலே வந்தது, காது மட்டத்துக்கு வந்தது, இடுப்புக்குக் கீழே போய் அடங்கியது. ஹெட்ஃபோனைக் கழற்றிக் கொடுத்தாள்.

"இனி வெட்டுங்க."

மரம் வாய்க்கால் பக்கமாகச் சாய்ந்தது. அறுத்துப் பார்த்தால் உள்ளே வெறும் சக்கை. அடியிலிருந்து நுனி வரை வழி வழியாகத் துளைத்திருந்தது. ஜிபி கத்தியால் கிளறினாள், தனபால் கோடாலியால் பிளந்தார். எல்லாருக்கும் எடுத்துக் காட்ட ஒரு புழுகூட அகப்படவில்லை. ஜிபிக்கு முகம் மாறிவிட்டது. எழுந்துபோய் இரண்டாம் மரத்தில் ஊசியைக் குத்தினாள்.

"இதுலயும் கேக்குதே. இதும் போயிருச்சி."

மௌனிகா ஹெட்ஃபோனைப் பிடுங்காத குறையாக வாங்கினாள். வலது கால் ஏறியது. இடது கால் யோசித்து ஏறியது. அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. எடுத்த வேலையைப் பாதியில் விட்டுப் பழக்கமில்லாதவன். நின்றுபோன பறிப்பை முடிக்க வந்திருக்கிறான். மரம் மரமாக ஏறுவான், ஏறின மரமெல்லாம் சக்கையாகும். அவளும் மாமனாரும் சோறு தின்பது இந்தத் தோப்பை வைத்துத்தான். மாமனாரின் மருந்தும் இதிலிருந்துதான் வர வேண்டும். தோப்பு வேண்டுமென்றால் அவனை நிறுத்தியாக வேண்டும். நிறுத்தினால் அந்தக் காலடியும் இல்லை. ஒரு வருஷம் கழித்து இன்றைக்குத்தான் அதைக் கேட்டாள்.

இன்னும் கொஞ்ச நேரம் கேட்டாள். பிறகு கல்லை எடுத்து, அடுத்தடுத்து இரண்டு தரம் தட்டினாள்.

மேலே இருந்து டொக் என்று பதில் வந்தது. அதற்குப் பிறகு ஒன்றுமில்லை.

ஜிபி திரும்பத் திரும்பக் கேட்டுப் பார்த்தாள். வரிசையில் இருந்த மற்ற மரங்களிலும் குத்திப் பார்த்தாள். எங்கேயும் சத்தமில்லை. "மிஷின்லதான் ஏதோ கோளாறு போல. உங்க தோப்பு தப்பிச்சிருச்சிக்கா," என்றாள். கை தட்டினார்கள். மௌனிகாவுக்குப் பொன்னாடை போர்த்தி ஒரு தென்னங்கன்றையும் கையில் கொடுத்தார்கள். பொன்னாடைக்குள் முகத்தை வைத்து அவள் அழுதாள். சந்தோஷத்தில் அழுகிறாள் என்று போட்டோ எடுத்தார்கள்.

நாற்காலியெல்லாம் வண்டியில் ஏற்றி அனுப்பிவிட்டு, பொழுது சாய அவள் வீட்டுக்கு வந்தாள். கேட்டைத் திறக்கும்போதே உள்ளே கட்டிலில் இருந்து ஆறுச்சாமி குரல் கொடுத்தார்.

"ஏன் அம்மிணி, வந்து கால் கழுவி அத்தன நேரமாச்சு. இப்பத்தான் உள்ள வர்றயா?"

மௌனிகா பைப்பைப் பார்த்தாள். பைப்படிக் கல் நனைந்திருந்தது. பைப்பு சரியாக மூடாமல் சொட்டிக்கொண்டிருந்தது.

"ஆமாங் மாமா," என்றாள். பைப்பை இறுக்கி மூடிவிட்டு உள்ளே போனாள்.

அது ஓட்டு வீடு. ஓட்டைத் தாங்குகிற கைமரமெல்லாம் அந்தத் தோப்பில் அறுத்த தென்னைதான். மாமனாருக்கு வட்டிலில் சோறு போட்டுக் குழம்பு ஊற்றும்போது, மேலே இருந்து மஞ்சளாகப் பொடி உதிர்ந்து சோற்றில் விழுந்தது.

ஆறுச்சாமி அண்ணாந்து பார்த்தார். "கைமரம் உளுத்துப் போச்சாட்ட இருக்குது. நாளைக்குத் தனபாலக் கூப்புட்டுக் காட்டு. இல்லீன்னா ஓடு தலைல வந்து உளுகும்."

கறக் என்றது. நின்று, மறுபடி கறக்.

அம்மிக் குழவியை எடுத்துக்கொண்டு சுவரோரம் போய் நின்றாள். அவளுக்குத் தெரிந்தது இரண்டே சேதி. இறங்கி வா என்று சொல்லலாம். வீட்டுக்குப் போகலாம் என்று சொல்லலாம். அதை மத்தியானமே சொல்லிவிட்டாள், அவனும் சொன்ன பேச்சைக் கேட்டு வந்துவிட்டான். வீட்டை விட்டுப் போ என்று சொல்ல ஒரு தட்டு வேண்டியிருக்கும் என்று யார் நினைத்தார்கள்? அவளுக்குப் பயமாக இருந்தது. அந்தப் பயத்துக்குள்ளேயே, வந்துவிட்டான் என்று ஒரு சந்தோஷமும் இருந்தது. அதை இல்லையென்று சொல்ல அவளால் முடியவில்லை.

குழவியைக் கீழே வைத்தாள். பொடி விழுந்த சோற்றைக் கொட்டிவிட்டு மாமனாருக்குப் புதிதாகப் போட்டாள். கூரையை ஒரு தரம் அண்ணாந்து பார்த்தாள். பிறகு அலமாரியிலிருந்து இன்னொரு வட்டிலை எடுத்துக் கழுவி, சோறு போட்டு வைத்தாள்.