வழவழப்புப் பக்கம்

வாசலில் நின்ற வண்டிக்கு அடியிலிருந்து இரண்டு கால்கள் நீட்டிக்கொண்டிருந்தன. கூடத்தில் சவப்பெட்டியருகே உட்கார்ந்திருந்த பஞ்சாலை அதைப் பார்த்துவிட்டாள். எழுந்து நொண்டிக்கொண்டே ஓடிவந்து ஒரு காலைப் பிடித்து இழுத்தாள்.

"அக்கா! நான்தான்கா, சீலன்!" தலையை இடித்துக்கொண்டு வெளியே வந்தான் தம்பி சத்தியசீலன்.

"சத்தம் குடுத்துக்கிட்டே வேல செய்டா. பாட்டாவது பாடு."

சாவு வீட்டில் பாடச் சொன்னதற்கு யாரும் சிரிக்கவில்லை. நேற்றுக் காலை இதே இடத்தில், இதே மாதிரி நீட்டிக்கொண்டிருந்த தன் புருஷன் புனிதனின் கால்களை அவள் அரைமணி நேரம் திட்டியிருந்தாள். பஞ்சாலையின் குரல் அப்படிப்பட்டது. தோட்டத்து நாலு லயத்து வீடுகளும் கேட்டன. ரந்தாவ் போகும் பஸ் நின்று கேட்டுவிட்டுப் போனது. போர்ட் டிக்சன் கடலில் சில மீன்கள்கூடத் திடுக்கிட்டிருக்கும். கேட்டாரா என்று தெரியாதது புனிதன் ஒருவரைப் பற்றித்தான். கையில் ஸ்பேனரோடு நெஞ்சு நின்றுபோய்க் கிடந்தார். எந்த நிமிஷத்தில் நின்றது என்று டாக்டருக்கும் சொல்லத் தெரியவில்லை.

அவளையும் குறை சொல்ல முடியாது. அறுபத்துமூன்று வருஷ வாழ்க்கையில் முக்கால்வாசியை ஏதாவது ஒரு வண்டிக்கு அடியில் கழித்த மனிதர் அவர். தோட்டத்தில் பாதிப் பேருக்கு அவர் முகத்தைவிடப் பாதம்தான் பழக்கம். லாரி ஓட்டி ஓய்வுபெற்றதும், மூன்று கை மாறிவந்த இந்த ஏ.டி.வி.யை வாங்கினார். மோட்டார் சைக்கிளுக்கு யானைக்கால் வந்த மாதிரி நாலு தடிச் சக்கரம். மலைமேல் முனியாண்டி கோயிலுக்கும் இடுகாட்டுக்கும் ஒரே பாதை. கடவுள் உலகத்தைக் கட்டி முடித்து, மிச்சக் கல்லையெல்லாம் லாரியோடு கவிழ்த்துவிட்டுப் போன இடம். போன மாதம் அங்கே ஒரு கல் எஞ்சினின் அடிவயிற்றில் இடித்து, எண்ணெய் முழுக்கக் கொட்டிவிட்டது. முழங்கால் தேய்ந்த பஞ்சாலையை ஆடிப் பூசைக்கு வண்டியில் ஏற்றிப்போவதாக அவர் வாக்குக் கொடுத்திருந்தார். அதற்காகத்தான் அடித்தகடு மாட்டக் கிளம்பினார்.

தகடு எடுத்த இடம்தான் வம்பாகிவிட்டது. மூடிக்கிடந்த அவளுடைய நாசி லெமாக் சோற்றுக்கடையின் முகப்புத் தகடு அது.

"'என் கடையையே பிரிச்சிட்டீங்களே, நீங்க நல்லா இருப்பீங்களா'ன்னு கேட்டேன்டா," என்றாள் பஞ்சாலை. "கேட்டிருக்குமா அவருக்கு?"

"இல்லக்கா. அதுக்கு முன்னாலயே போயிருப்பாரு."

"'ம்'னு ஒரு சத்தம் வந்துச்சுடா."

"எப்ப? மொதல்லயா, கடைசிலயா?"

"அதான் தெரில. எதுக்கும் 'ம்'னுதான சொல்வாரு. நான் எங்க கவனிச்சேன்?"

தோட்டத்து வேலையாட்களை மேய்க்கும் தர்மராஜ் மண்டோர் மணிக்கட்டைத் தட்டிக்கொண்டு வந்தார். "சீலா, மூணு மணிக்கு எடுக்கணும் லா. பெட்டி வண்டிக்காரன் பாலத்தத் தாண்டி வரமாட்டேங்கிறான். மழையில கல்லெல்லாம் பல்லு மாதிரி வெளிய வந்துருச்சு. செம்பனப் பழம் ஏத்துற டிரெய்லர இதுல மாட்டித்தான் கொண்டு போவணும்."

"ரெண்டு நட்டுதான் பாக்கி மண்டோர்." சத்தியசீலன் மறுபடியும் அடியில் நுழைந்தான். கொஞ்ச நேரம் சத்தமில்லை. பஞ்சாலை குனிவதற்குள் குரல் வந்தது. "அலாமா! மாமா தப்பா மாட்டியிருக்காரு!"

"என்னா தப்பு?"

"தகட்டுல ஒரு பக்கம் வழவழன்னு இருக்கும், ஒரு பக்கம் அரிசி அரிசியா பொடச்சிருக்கும். வழவழப்பு கீழ இருந்தாத்தான் கல்லு மேல வழுக்கிட்டுப் போவும். இவரு பொடப்பக் கீழ வச்சிருக்காரு. கல்லுக்குக் கல்லு பிடிச்சு இழுக்கும். சத்தம் காத கிழிச்சிரும்."

"முப்பத்தஞ்சு வருஷம் லாரி ஓட்டுனவன்," என்றார் மண்டோர். "கண்ணு போச்சு போல. திருப்பிப் போடு லா."

முன்பக்கத்து இரண்டு நட்டையும் சத்தியசீலன் கழற்றினான். தகடு சரிந்து தொங்கியது. பஞ்சாலை வலிக்கிற முழங்காலை மடக்கித் தரையில் கன்னம் படுமளவு குனிந்தாள்.

கல் படாமல் எஞ்சினைப் பார்த்திருந்த வழவழப்புப் பக்கத்தில் சிவப்புச் சாயம். 'பஞ்சா' வரை யானை யானையாக எழுத்து. அதற்குமேல் இடம் போதாமல் 'லை' மட்டும் எறும்பாகி மூலையில் ஏறியிருந்தது. புனிதன் கைப்பட எழுதியது. எழுதிய அன்றைக்கும் அரை நாள் திட்டு வாங்கினார். இரும்புச் சட்டம் எழுத்தில் உரசாதபடி, நட்டு வரும் இடமெல்லாம் வட்டமாக வெட்டிய நீல ரப்பர் துண்டு. ஒரு வாரமாக அவள் தேடிக்கொண்டிருந்த சிலிப்பர் செருப்பு.

"தள்ளுக்கா, திருப்புறேன்."

"திருப்பாத."

"சத்தம் வரும்கா."

"வரட்டும். அப்படியே முடுக்கு."

சத்தியசீலன் அக்காவைப் பார்த்தான். தகட்டைப் பார்த்தான். பிறகு ஆறு நட்டையும் முடுக்கினான்.

பெண்கள் பாலத்தோடு நின்றுவிடுவது வழக்கம். டிரெய்லரில் பெட்டியோடு வண்டி திருப்பத்தில் ஏறிச் செம்பனைகளுக்குள் மறைந்தது. முதல் கல் தகட்டைப் பிடித்து இழுத்த சத்தத்தில் பெண்கள் காதைப் பொத்திக்கொண்டார்கள்.

பஞ்சாலை பொத்தவில்லை. பாலத்துக் கம்பியைப் பிடித்தபடி நின்றாள்.

மேட்டில் இன்னொரு கல் இழுத்தது.

"ம்," என்றாள் பஞ்சாலை. அடுத்த கல்லுக்குக் காத்திருந்தாள்.