முன்வரிசை எடுத்த படம்

என் அண்ணன் மேடையில் விழுவான். அதுதான் அவன் பிழைப்பு என்றே சொல்லலாம். கிட்டார் வாசிக்கிறான், பாடுகிறான், இரண்டிலும் கெட்டிக்காரன். ஆனால் ஜனங்கள் டிக்கெட் வாங்குவது கடைசிப் பாட்டில் அவன் விழுவதைப் பார்க்க. பார்க்க என்றா சொன்னேன்? படமெடுக்க.

ஏற்பாடு இதுதான். டிரம்ஸ் வாசிப்பது நான். கடைசிப் பாட்டின் முடிவில் குச்சிகளை உருட்டி உருட்டி வேகம் ஏற்றி, சட்டென்று நிறுத்துவேன். அந்த நொடியில் அவன், கூட்டத்துக்குள் நீண்டுகிடக்கும் நடைமேடையில் தொப்பென்று சாய்வான். ஒருவரும் மூச்சுவிடக் கூடாது, கிட்டே போகக் கூடாது. காவலாட்களுக்கே கண்டிப்பான உத்தரவு. எல்லோரும் ஆசைதீரப் படமெடுத்து முடித்ததும் பெரிய டிரம்மை நான் ஓர் உதை உதைப்பேன், அவன் எழுந்துவிடுவான். செத்துப் பிழைத்தவனுக்கு விழுகிற கைதட்டல் ஒழுங்காகப் பாடுகிறவனுக்கு ஏது?

சாவை விளையாட்டாக்காதே, புலி வருது கதையாகிவிடும் என்று நானும் தலைபாடாக அடித்துக்கொண்டேன். செவிடன் காதில் ஊதிய சங்குதான்.

அன்றைக்கு அவன் மூன்றாவது பாட்டிலேயே விழுந்தான்.

நான் குச்சியை உருட்டவில்லை, நிறுத்தவும் இல்லை. வரியின் நடுவில், வார்த்தையைப் பாதியில் விட்டுவிட்டு, கிட்டாரோடு சரிந்தான். இது நடிப்பில்லை என்று எனக்குப் புரிந்துவிட்டது. கீழே நின்றவர்களுக்கோ கொண்டாட்டம், கடைசியில் கிடைக்கவேண்டியது முன்கூட்டியே கிடைத்துவிட்டதே. கூட்டம் கப்சிப். அத்தனை கையும் உயர்ந்தது, அத்தனை கையிலும் ஃபோன். பின்னால் இருந்த பெரிய திரையில் அவன் வாய் ஒரு பக்கமாகக் கோணுவது தெரிந்தது. அதையும் நடிப்பு என்று எடுத்துத் தள்ளினார்கள்.

டிரம்ஸைத் தாண்டி ஓடினேன். சிம்பல் தட்டு ஒன்று என் காலில் மாட்டி விழுந்தது, அதற்கும் விசிலடித்தார்கள். நடைமேடை தொடங்குகிற இடத்தில் காவலாள் குறுக்கே கை போட்டான்.

"யாரும் தொடக்கூடாதுன்னு அண்ணனே சொல்லியிருக்காரும்மா."

சொன்னவன் வாய் கோணிக் கிடக்கிறான், இவனுக்கு உத்தரவு பெரிதாகப் போய்விட்டது. அவன் கையைத் தட்டிவிட்டுப் போய், அண்ணனின் மைக்கைப் பிடுங்கி, ஆம்புலன்ஸைக் கூப்பிடச் சொல்லிக் கத்தினேன். கூட்டம் என்ன செய்தது தெரியுமா? ஆம்புலன்ஸ், ஆம்புலன்ஸ் என்று தாளம் தப்பாமல் திருப்பிப் பாடியது. புது அயிட்டம் என்று நினைத்துவிட்டார்கள். யாருடைய கைதட்டலில் இத்தனை காலம் சோறு தின்றேனோ, அவர்களை அன்றைக்கு அப்படி வெறுத்தேன்.

ஸ்ட்ரெச்சர் வந்த பிறகும் யாரும் நகரவில்லை. விலகினால் இடம் போய்விடுமாம். ஒருத்தி முதுகைத் திருப்பிக்கொண்டு, தன் முகமும் ஸ்ட்ரெச்சரும் ஒன்றாக விழும்படி செல்ஃபி எடுத்தாள். வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் திட்டினேன். நான் திட்டுவதையும் எடுத்தார்கள்.

மூளைக்குப் போகும் ரத்தக்குழாயில் அடைப்பு. உயிருக்குப் பயமில்லை என்றார் டாக்டர். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, இன்னும் கொஞ்சம் முன்னால் கொண்டுவந்திருந்தால் வலது கையைக் காப்பாற்றியிருக்கலாம் என்றார். கிட்டார்க்காரனுக்கு வலது கை போனால் என்ன மிச்சம்? அண்ணி சுவரில் சாய்ந்து அழுதாள். எனக்கு அழுகை வரவில்லை, பற்றிக்கொண்டு வந்தது.

அவனை வீட்டுக்குக் கூட்டிவந்த பிறகு ஒரு மத்தியானம் 'முன்வரிசை' வந்தான். எந்த ஊரில் கச்சேரி வைத்தாலும் முதல் ஆளாக வந்து முதல் வரிசையைப் பிடிப்பவன், அதனால் நாங்கள் வைத்த பெயர். கக்கத்தில் சட்டம் போட்ட பெரிய படம். வாசலோடு விரட்டத்தான் பார்த்தேன், அண்ணன் கட்டிலிலிருந்தே இடது கையை அசைத்து உள்ளே விடச் சொன்னான். அவன் கிடந்த கிடப்பைப் பார்த்து முன்வரிசை தேம்பித் தேம்பி அழுதான். நடிப்பில்லை, நிஜமான அழுகை. அதுதான் என் கோபத்தை இன்னும் கிளப்பியது.

அழுது முடித்துப் படத்தைத் திருப்பிக் காட்டினான். அண்ணன் ஒருக்களித்துக் கிடக்கிறான். இடது கை மட்டும் படத்தை விட்டு வெளியே வருவது போல நம்மை நோக்கி நீண்டிருக்கிறது, விரல்கள் விரிந்து. நன்றாகவே வந்திருந்தது, பாழாய்ப் போனது.

"அன்னிக்கு எங்களப் பாத்துக் கை நீட்டுனீங்களேண்ணே, அது. இடது கையாலயாவது ஒரு கையெழுத்துப் போட்டுக் குடுங்க."

நான் வாயைத் திறப்பதற்குள் அண்ணன் என்னைப் பார்த்து வேண்டாம் என்று தலையை ஆட்டினான். படத்தை மடியில் வைத்து வெகுநேரம் பார்த்தான். நாக்கு இன்னும் சரியாகப் புரளவில்லை, ஒவ்வொரு சொல்லாகத்தான் இழுத்துக் கொண்டுவர முடியும்.

"எவ்வளவு... தூரத்துல... நின்னே?"

முன்வரிசையின் முகம் மலர்ந்துவிட்டது. "கிட்டத்தாண்ணே. கைக்கெட்டுற தூரம்."

"அப்ப... ஏன்டா... புடிக்கல?"

முன்வரிசை தன் கைகளைப் பார்த்தான். பொய் சொல்லத் தெரியாதவன், உண்மையிலேயே யோசித்துப் பார்த்துவிட்டுத்தான் சொன்னான்.

"கையில ஃபோன் இருந்துச்சுண்ணே."