பச்சை விளக்கு எரிந்தது, பிடுங்கிவிட்டேன்

1

இந்தக் கதைக்காக நான் காதால் கேட்டது மூன்றே வாக்கியங்கள். அதிலும் மூன்றாவது பாதிதான் கேட்டது. மீதியெல்லாம் என் கற்பனை. ஆனால் கார் உண்மை, பேட்டரி உண்மை, அதன் பக்கத்தில் ஒரு மத்தியானம் முழுக்க ஒருவர் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்ததும் உண்மை. அதை என் பால்கனியிலிருந்து பார்த்தேன்.

அந்த வாரம் பெருக்குவது என் முறை. எஸ்லிங்கன் என்ற ஜெர்மன் ஊரில், திராட்சைத் தோட்டச் சரிவு தொடங்கும் தெருவில், எங்கள் கட்டடத்தில் ஆறு வீடுகள். யார் வீட்டுக் கதவில் அந்தச் சின்ன மரப்பலகை தொங்குகிறதோ அவர்தான் படிக்கட்டையும் முற்றத்தையும் கீழ்த்தளத்துக் கார் நிறுத்தத்தையும் பெருக்க வேண்டும். (கார் நிறுத்தத்தை மட்டும் நவம்பரில் ஒரு முறை பெருக்கினால் மார்ச் கடைசி வரை விட்டுவிடலாம்.) ஞாயிறு மாலை பலகையை அடுத்த கதவில் மாட்டிவிட்டு, ஒன்றும் தெரியாதவர்போல் நழுவிவிடலாம். [பலகை கை மாறுவதைப் பற்றித் தனியாக ஒரு கதை எழுதலாம். எழுத மாட்டேன்.]

மார்ச் முப்பத்தொன்றாம் தேதி. நான் துடைப்பத்தோடு கீழ்ப்படியில் நின்றிருந்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் ஓர் ஆண் குரல் சொன்னது:

"பச்சை லைட் எரிஞ்சுது மேடம், நிரம்பிடுச்சுன்னு புடுங்கிட்டேன்."

இதுதான் முதல் வாக்கியம். ஒரு கொலைகாரர்கூட இவ்வளவு வருத்தத்தோடு ஒப்புக்கொண்டதை நான் எந்த நாவலிலும் படித்ததில்லை.

2

தொடக்கங்கள் சில எழுதிப் பார்த்தேன்.

*ஐந்து மாத இருட்டுக்குப் பிறகு அந்த மஞ்சள் நிறக் கார்*

கார் சாம்பல் நிறம். மஞ்சள் என்று எழுதியதும் அது வேறு யாருடைய காராகவோ மாறிவிட்டது.

*லித்தியம் என்பது உலோகங்களிலேயே மிக*

பாடப்புத்தகம்.

*ஹைட்ரூன் ராப் அம்மையாருக்கு அறுபத்து மூன்று வயதில் ஒரு பந்தயக் கார் எதற்கு என்று கேட்பவர்கள்*

கேட்பவர்கள் யாரும் இல்லை. எங்கள் ஊரில் கார் வைத்திருப்பதற்குக் காரணம் கேட்க மாட்டார்கள்; அதைக் கழுவாமல் வைத்திருந்தால்தான் கேட்பார்கள்.

ஆகவே நேராகவே சொல்கிறேன். ராப் அம்மையார் முதல் மாடி. முப்பது வருடமாகக் காது கேட்கும் கருவி பொருத்தும் வேலை. இன்னும் வாரம் மூன்று நாள் கடைக்குப் போகிறார். கடுகளவு பேட்டரியை நகத்தால் எடுத்து மாற்றுகிற விரல்கள். அவருடைய காரின் எண் பலகை ஓரத்தில் மேலே 04, கீழே 10 என்று இருக்கும். ஏப்ரல் முதல் அக்டோபர் வரை மட்டும் தெருவில் ஓடலாம் என்று அர்த்தம். மீதி ஐந்து மாதம் கீழ்த்தளத்தில் துணி போர்த்திக்கொண்டு தூங்கும். அந்தத் தூக்கத்தில் பேட்டரி வடிந்துவிடக் கூடாது என்று சுவரில் ஒரு சார்ஜர் தொங்கும். அதிலிருந்து மெல்லிய வயர் காரின் கதவு இடுக்கு வழியாக உள்ளே போகும்.

ஓட்மார் ஐஹெலே தரைத்தளம். அறுபத்தாறு வயது. முப்பத்தைந்து வருடம் டிராம் ஓட்டியவர். அவர் வாழ்க்கையில் மின்சாரம் தலைக்கு மேலே இருக்கும் கம்பியிலிருந்து வந்தது. தேவையானபோது வந்தது, தீர்ந்ததே இல்லை. இரண்டு காதிலும் கருவி. இரண்டும் ராப் அம்மையார் பொருத்தியவை.

நவம்பரில் பலகை ஐஹெலே கதவில் தொங்கியபோது, அவர் கீழ்த்தளத்தைப் பெருக்கினார். சார்ஜர்மேல் இருந்த தூசியைத் துடைத்தார். பச்சை விளக்கைப் பார்த்தார். வேலை முடிந்த பொருளை மின்சாரத்தில் மாட்டி வைத்திருப்பது அவருக்கு ஆகாது. ப்ளக்கைப் பிடுங்கி, வயரை எட்டு வடிவத்தில் அழகாகச் சுற்றி, ரப்பர் பேண்ட் போட்டு ஆணியில் தொங்கவிட்டார். நல்லது செய்த மனநிறைவோடு மேலே போனார்.

3

இங்கே ஒரு சந்தேகம். ராப் அம்மையார் மாதிரி ஒருவர் ஐந்து மாதத்தில் ஒரு தடவையாவது கீழே போய் விளக்கைப் பார்த்திருக்க மாட்டாரா?

ஒரு வரைவில், பிப்ரவரியிலேயே பார்த்துவிட்டார் என்று வைத்தேன். வயரின் எட்டு வடிவத்தைப் பார்த்ததும் யார் என்று புரிந்துவிடுகிறது. அவராக வந்து சொல்லட்டும் என்று காத்திருக்கிறார். எனக்கு அந்த வரைவு மிகவும் பிடித்திருந்தது. இரண்டு நாள் கழித்துக் கிழித்தேன். பேட்டரியைச் சாக விட்டு மனிதரைச் சோதிக்கிற ஆள் இல்லை அவர். குளிர்காலத்தில் காரைப் போய்ப் பார்ப்பதே இல்லை என்பதுதான் அவர் குணத்துக்குப் பொருந்துகிறது. அடுப்பில் கேக் இருக்கும்போது கதவைத் திறந்து பார்க்கக் கூடாது என்பார்களே, அப்படி.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் ஐஹெலே ஏன் அவ்வளவு பதறினார் என்று புரியாது. போன அக்டோபர் கடைசியில், துணியைப் போர்த்தும்போது, ராப் அம்மையார் கேட்டிருந்தார்: "ஏப்ரல் ஒண்ணாந்தேதி முதல் ஓட்டம். கூட வர்றீங்களா சார்?"

'வர்றீங்களா.' பதினோரு வருடப் பழக்கம். கிண்ணம் கிண்ணமாக உருளைக்கிழங்கு சாலட் படியேறிப் போயிருக்கிறது. காலிக் கிண்ணத்தில் ஜாம் பாட்டில் படியிறங்கி வந்திருக்கிறது. ஆனால் இன்னும் 'நீங்க'தான்.*

\* நான் 'சார்', 'மேடம்' என்று எழுதுவது அவர்கள் சொல்லும் மரியாதைச் சொற்களுக்குப் பதிலாக. 'நீங்க' மட்டும் பதிலாள் இல்லை. அது அவர்கள் மொழியிலும் அப்படியே இருக்கிறது.

மொழிபெயர்ப்பு நாவல் படிக்கும்போது எனக்கு ஒரு பழக்கம். இரண்டு பேர் 'நீங்கள்' என்று தொடங்கி 'நீ'க்கு மாறும் இடத்தில் பென்சிலால் ஒரு புள்ளி வைப்பேன். சில நாவல்களில் மொழிபெயர்ப்பாளரே மறந்துபோய் நான்கு பக்கம் கழித்து மறுபடி 'நீங்கள்' ஆகிவிடுவார்கள். புத்தகத்தில் அப்படி நடக்கலாம். இங்கே நடக்காது. ஒரு முறை 'நீ' சொல்லிவிட்டால் திரும்பப் போக வழி கிடையாது. அதை முதலில் சொல்வதற்கு முறையும் உண்டு: வயதில் மூத்தவர் இளையவரிடம் சொல்ல வேண்டும். அல்லது பெண் ஆணிடம் சொல்ல வேண்டும்.

கஷ்டம் புரிகிறதா? ஐஹெலே மூத்தவர். ராப் அம்மையார் பெண். அவர் சொல்லட்டும் என்று இவரும், இவர் சொல்லட்டும் என்று அவரும், பதினோரு வருடம். இரண்டு பேருமே முறை தவறாதவர்கள்.

ஏப்ரல் ஒன்றாம் தேதி, காருக்குள்ளே, பக்கத்துப் பக்கத்து இருக்கையில், யாராவது ஒருவர் சொல்லிவிடலாம் என்று ஐஹெலே குளிர்காலம் முழுக்க நினைத்திருக்க வேண்டும். [இது என் கற்பனை. ஆனால் மார்ச்சில் அவர் புதிதாக ஒரு தொப்பி வாங்கினார். அது உண்மை.]

4

மார்ச் முப்பத்தொன்று, மதியம். துணியை எடுத்துக் காரைத் துடைத்து வைக்கலாம் என்று ஐஹெலே கீழே போகிறார். ஆணியில் எட்டு வடிவ வயர். தான் சுற்றியது. அப்போதுதான் உறைக்கிறது. ப்ளக்கைச் சொருகிப் பார்க்கிறார், விளக்கு எரியவில்லை. தன் வீட்டுக்கு ஓடி, பழைய சார்ஜரைத் தூக்கி வருகிறார். ராப் அம்மையார் வருவதற்குள் யாருக்கும் தெரியாமல் சரிசெய்துவிடலாம்.

ஆனால் கார் பூட்டியிருக்கிறது. பேட்டரி இருப்பது முன்மூடிக்குக் கீழே. அந்த மூடி திறக்க மின்சாரம் வேண்டும். மின்சாரம் பேட்டரியில் இருந்து வர வேண்டும். சாவியைப் பெட்டிக்குள் வைத்துப் பெட்டியைப் பூட்டின கதை. வலது கையில் சிவப்புக் கிளிப், இடது கையில் கறுப்புக் கிளிப், மாட்ட ஓர் இடமும் இல்லாமல் அவர் நிற்கும்போது, பின்னால் செருப்புச் சத்தம்.

"என்ன ஐஹெலே சார், நண்டு பிடிக்க வந்தீங்களா?"

"மேடம்... நான் ஒரு தப்பு பண்ணிட்டேன்."

"கிளிப்பைக் கீழ வச்சுட்டுச் சொல்லுங்க."

"நவம்பர்ல என் வாரம். பச்சை லைட் எரிஞ்சுது மேடம், நிரம்பிடுச்சுன்னு புடுங்கிட்டேன்."

"திரும்பச் சொருகவே இல்லையா?"

"நிரம்பினதுல எதுக்கு மேல மேல ஊத்தணும்?"

"அது குடம் இல்ல சார், பேட்டரி. கார் தூங்கினாலும் உள்ள இருக்கிற கடிகாரம், பூட்டு, அலாரம் எல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக் குடிச்சுக்கிட்டே இருக்கும். சரி, அந்தப் பெட்டி என்ன?"

"என் சார்ஜர். முப்பது வருஷமா ஒரு நாள்கூட மக்கர் பண்ணதில்ல."

"அது ஈய பேட்டரிக்கு. அதைக் கரண்டால தட்டித் தட்டி எழுப்புற ஜாதி. லித்தியத்துல மாட்டியிருந்தா தட்டியே கொன்னுருக்கும்."

"மாட்ட எடமே கிடைக்கலயே."

"அப்ப என் கார் உங்களைவிட புத்திசாலி."

திட்டாமல் விட்டாலே அது பாராட்டு என்று எங்கள் பகுதியில் சொல்வார்கள். புத்திசாலித்தனத்தில் காருக்கு அடுத்த இடம்தான் கிடைத்ததை ஐஹெலே எப்படி எடுத்துக்கொண்டார் என்று தெரியவில்லை. தலையைக் குனிந்தபடி கேட்டார்: "செத்துப்போச்சா?"

ராப் அம்மையார் ரிமோட்டுக்குள் ஒளிந்திருந்த சின்னச் சாவியால் கதவைத் திறந்தார். ஓட்டுநர் காலடியில் இருக்கும் ஃப்யூஸ் பெட்டியிலிருந்து ஒரு சிவப்பு ஊசியை வெளியே இழுத்தார். அவசரத்துக்கென்று கீழ்த்தளத்தில் வைத்திருக்கும் சின்ன பேட்டரியின் சிவப்பு வயரை அதில் தொட்டு, கறுப்பைக் கதவு நிலையின் இரும்பில் மாட்டினார். காருக்குத் திடீரென்று நினைவு வந்தது. தன்னை யாரோ திருடுகிறார்கள் என்று நினைத்துக் கட்டடமே அதிர ஊளையிட்டது. ஐஹெலே இரண்டு காதுக் கருவியையும் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டார். ராப் அம்மையார் சிரிப்பதை நான் கேட்டேன். (சிரிப்பு வாக்கியம் இல்லை, கணக்கில் சேர்க்கவில்லை.) மூடி திறந்தது.

அலாரம் ஓய்ந்த பிறகு, மீட்டரை வைத்துப் பார்த்துவிட்டு அவர் சொன்னதுதான் இரண்டாவது வாக்கியம். ஐஹெலே கருவியை மறுபடி மாட்டும்வரை காத்திருந்து சொன்னார்:

"சாகல, தன்னைத்தானே பூட்டிக்கிட்டு உட்கார்ந்திருக்கு."

ரொம்பவும் வடிந்துவிட்டால் லித்தியம் பேட்டரி அப்படித்தான் செய்யுமாம். வெளியிலிருந்து பார்த்தால் சுழியம். அதற்குரிய சார்ஜரில் எழுப்பும் பொத்தானை அழுத்தி, மிக மெதுவாக ஊட்டினால் சில சமயம் கதவைத் திறக்கும். சில சமயம் திறக்காது. திறக்காவிட்டால் புதிது வர மூன்று வாரம். நாளைய ஓட்டம் இல்லை.

5

எல்லாரும் பார்க்கக்கூடிய பகுதி இது. ராப் அம்மையார் பேட்டரியைக் கழற்றி, தன் பால்கனியில் கவிழ்த்த மண்தொட்டிமேல் வைத்து, சுவரில் தொங்கிய லித்தியம் சார்ஜரை மாட்டினார். மூன்று மணிக்கு அவர் கடைக்குப் போக வேண்டும். ஐஹெலே நாற்காலி போட்டு உட்கார்ந்தார்.

"சூடாச்சுன்னாலோ உப்புச்சுன்னாலோ ப்ளக்கைப் புடுங்கிடுங்க. வேற எதுக்கும் புடுங்காதீங்க."

"பச்சை லைட் எரிஞ்சா?"

"எரிஞ்சா சந்தோஷப்படுங்க. தொடாதீங்க."

மூன்றிலிருந்து ஆறரை வரை அவர் எழுந்திருக்கவில்லை. பத்து நிமிடத்துக்கு ஒரு முறை, குழந்தைக்குக் காய்ச்சல் பார்ப்பதுபோல் புறங்கையை அதன்மேல் வைத்தார். ஒரு முறை குனிந்து ஏதோ பேசினார். என்ன சொன்னார் என்று எழுதிப் பார்த்தேன்:

*"கதவத் திறப்பா"*
*"நான்தான், ஐஹெலே"*
*"மன்னிச்சு*

மூன்றையும் விட்டுவிட்டேன். ஆனால் ஒன்றில் சந்தேகமே இல்லை: பேட்டரியை 'நீ' என்றுதான் அழைத்திருப்பார். அதற்கு யார் முதலில் சொல்வது என்ற முறை கிடையாது.

6

முடிவுகள்.

ஒன்று: பேட்டரி திறக்கவில்லை. மறுநாள் புதுத் தொப்பியோடு ஐஹெலே ராப் அம்மையாரை டிராமில் அழைத்துப் போகிறார். தான் ஓட்டிய தடம், கடைசி நிறுத்தம் வரை. இது நல்ல முடிவு. எனக்குப் பிடித்த நாவல்கள் இப்படித்தான் முடியும். ஆனால் காலை ஒன்பது மணிக்குக் கார் சத்தம் என் காதிலேயே விழுந்ததே, என்ன செய்ய?

இரண்டு: உண்மையில் நடந்தது. நான் சாய்தளத்தைப் பெருக்கிக்கொண்டிருந்தேன். கீழ்த்தளத்தில் சாம்பல் நிறக் கார், திறந்த கதவுகள். ஐஹெலே தொப்பியோடும் வெண்ணெய் தடவிய இரண்டு பிரெட்ஸல் ரொட்டியோடும் நின்றார்.

"காதுல இருக்கிறதைக் கழட்டிடுங்க சார். இதுக்குள்ள சத்தம் தாங்காது."

அவர் கழற்றிச் சட்டைப்பையில் போட்டார். 'கழட்டிடுங்க.' அந்த 'ங்க'வைக் குறித்துக்கொள்ளுங்கள். நிச்சயமாகக் கேட்ட கடைசி 'ங்க' அது. (இதையும் கணக்கில் சேர்க்கவில்லை. கதையின் வாக்கியம் இல்லை, காதின் வாக்கியம்.)

ராப் அம்மையார் உள்ளே உட்கார்ந்தார். சாவியைத் திருகினார். ஒரு நொடி ஒன்றுமே இல்லை. ஐஹெலே கண்ணை மூடிக்கொண்டார். பிறகு எஞ்சின் பிடித்தது. காங்கிரீட் முழுக்க உறுமியது. என் துடைப்பம் கையிலேயே அதிர்ந்தது. அந்த உறுமலின் உச்சத்தில், கருவி இல்லாத அந்த மனிதரைப் பார்த்து, ராப் அம்மையார் வாயைத் திறந்து சொன்னார்:

"ஏறு

நான் கேட்டது அவ்வளவுதான். வாக்கியம் அங்கே முடிந்துவிட்டதா, பின்னால் 'ங்க' இருந்ததா என்று எஞ்சின் கேட்க விடவில்லை. ஆகவேதான் மேற்கோள் குறியை மூடவில்லை. அச்சுப்பிழை என்று நினைக்காதீர்கள்.

முப்பது வருடம் காதுகளோடு வேலை செய்தவருக்கு, யாருக்கு எப்போது எது கேட்காது என்று தெரியாமலா இருக்கும்?

ஐஹெலே கையைக் காதருகே குவித்து, "என்ன?" என்று கத்தினார்.

ராப் அம்மையார் பக்கத்து இருக்கையைத் தட்டிக் காட்டினார். ஐஹெலே ஏறினார். பிரெட்ஸல் பொட்டலத்தை மடியில் வைத்தார். சட்டைப்பையிலிருந்து ஒரு கருவியை எடுத்து, ராப் அம்மையார் பக்கம் இருந்த காதில் மட்டும் மாட்டிக்கொண்டு திரும்பினார்.

கதவு சாத்திக்கொண்டது. இரண்டாம் முறை சொன்னது காருக்குள்ளே. நான் சாய்தளத்தில் ஓரமாக ஒதுங்கி வழிவிட்டேன்.

பென்சில் புள்ளி வைக்கிற வேலையை உங்களிடம் விடுகிறேன். வாக்கியத்தை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். எங்கே நிறுத்துகிறீர்களோ அங்கே மேற்கோள் குறியை மூடிக்கொள்ளுங்கள்:

"ஏறு