குச்சிப்பூச்சி வளர்த்தவள்

இளங்கோவுக்கு வளப்பூர் நாடு என்ற மலையூரில் அறிவியல் ஆசிரியர் வேலை கிடைத்ததும் மனைவி கோகிலவாணியும் அவனோடு மலையேறி வந்தாள். அங்கே அவளுக்குப் பேச்சுத்துணை பக்கத்து வீட்டு மாதம்மாள் மட்டும்தான். பள்ளிவிட்டு வந்தால் இளங்கோ போனில் மூழ்கிவிடுவான். எது கேட்டாலும் ஒரு "ம்".

ஆடி மாதத்தில் ஒருநாள் வலை அடித்த பெட்டி ஒன்றைக் கொண்டுவந்து வைத்தான். உள்ளே குச்சிப்பூச்சிகள், விளக்குமாற்றுக் குச்சிக்குக் கால் முளைத்த மாதிரி.

"கண்காட்சிக்கு வளக்கறேன். கொய்யா எலதான் தீனி. பாத்துக்க."

இரண்டு நாள் அவனே பார்த்தான். அப்புறம் எல்லாம் அவள் தலையில் விழுந்தது.

மாதம்மாள் வீட்டுக் கொய்யாவுக்கு மருந்து அடிப்பதில்லை. அதில்தான் கோகிலவாணி கிளை ஒடித்து வருவாள். தண்ணீர் பாட்டிலில் செருகி, குஞ்சுகள் உள்ளே விழாதபடி வாயைத் துணியால் அடைப்பாள். இலைமேல் தண்ணீர் தெளித்தால் அவை துளித்துளியாய் உறிஞ்சும். தோல் உரிக்கத் தலைகீழாய்த் தொங்கும்போது பெட்டிப் பக்கம் யாரையும் விடமாட்டாள். அப்படியும் ஒருமுறை இளங்கோ இடித்து, ஒன்று பாதித் தோலோடு கீழே விழுந்தது. அதன் கால் வளைந்தபடியே நின்றுவிட்டது. அதைக் கையில் ஏற்றி இலையருகே விட்டாள். அவள் மூச்சுப் பட்டு மெல்ல ஆடியது.

"பயப்படாத சாமி," என்றாள். அந்த வீட்டில் அவள் குரல் அப்படிக் குழைந்து வெகுநாளாகியிருந்தது.

பிறகு அவை முட்டையிட்டன. விதைபோலச் சிதறிக் கிடந்தவற்றைப் பொறுக்கி, ஈர மணல் போட்ட டப்பாவில் சேர்த்து வைத்தாள்.

கண்காட்சியன்று காலை, பால் பாக்கெட் எடுக்க ஃப்ரீசரைத் திறந்தாள். தெரியாத டிபன் பாக்ஸ் ஒன்று இருந்தது. மூடியை எடுத்தாள். எல்லாம் விறைத்துக் கிடந்தன, வளைந்த கால்காரியும்.

"ஏனுங்க, இது என்னங்க?"

இளங்கோ சட்டைப் பொத்தானைப் போட்டபடியே சொன்னான். "உசிரோட கொண்டுபோனா எலைக்குள்ள எங்கிருக்குதுன்னே தெரியாது. தெர்மோகோல்ல ஊசி குத்தி வெச்சா பளிச்சுனு தெரியும்."

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலீங்களே."

"எதுக்குச் சொல்லோணும்? எல ஒடிச்சுப் போட்டதுக்கு உம்பேரையும் எழுதி வெக்கோணுமா?"

அவள் மதியச் சோற்றைக் கட்டிக் கொடுத்தாள்.

சாயங்காலம் கேடயத்தோடு வந்தான். முதல் பரிசு. சாப்பிடும்போது அன்றைக்குத்தான் நிறையப் பேசினான். எப்படி வளர்த்தீர்கள் என்று நடுவர் கேட்டாராம். இவன் ஒன்றுவிடாமல் சொன்னானாம்.

"அடுத்த வருசத்துக்கும் வேணும். முட்ட வெச்சிருக்கற இல்ல? பொரிக்க வெச்சிரு."

"சரீங்க."

மறுநாள் விடியலில் அவன் குளிக்க வாசலில் வெந்நீர் அடுப்பை மூட்டினாள். தீ நன்றாகப் பிடித்ததும் டப்பாவைத் திறந்து மணலோடு முட்டைகளை உள்ளே கொட்டினாள். கடுகு வெடிப்பதுபோலச் சடசடவென்று வெடித்தன.

பக்கத்து வாசலில் சாணி கரைத்துக்கொண்டிருந்த மாதம்மாள் திரும்பிப் பார்த்தாள்.

"ஏங்கண்ணு, பூச்சி முட்டையா அது? ஊட்டுக்காரருக்குக் குடுக்க மனசில்லீனா எங்க கொய்யா மரத்தடியில வீசியிருந்தா தானாப் பொரிச்சுப் பொழைச்சிருக்குமே."

கோகிலவாணிக்கு அது தோன்றவே இல்லை. கட்டையை வெளியே இழுத்தாள். அதற்குள் எல்லாம் அடங்கிவிட்டது.

"தண்ணி காஞ்சுதா?" என்று உள்ளிருந்து கேட்டான்.

"கொண்டு வாரேங்க," என்று சொல்லி, இரும்பு வாளியில் வெந்நீரை மொண்டு ஊற்றினாள்.