தாஹி ஏந்தி வந்த கஃபன்

அக்மீம் ஊர்த் தறிக்காரன் ருஷ்திக்குக் கொலை செய்கிற கை இல்லை. ஆனால் தம்பி ஹிலாலின் மண்டையை மண்வெட்டியால் பிளந்து வாய்க்காலில் தள்ளிய தாஹி உயிரோடு திரிகிறவரை, அண்ணன்காரனை ஆம்பிளை என்றே அந்த ஊர் மதிக்காது. சண்டை எதற்கு? பருத்திக்கு யார் முதலில் தண்ணீர் பாய்ச்சுவது என்பதற்கு. அதற்கு ஓர் உயிர்! ருஷ்தி பழிவாங்கினால் அடுத்து அவன் தலை உருளும். அதற்கடுத்து அவன் மகன் தலை.

பெரியவர்கள் பேசிப் பேசி தாஹியை வழிக்குக் கொண்டுவந்தபோதுதான் ருஷ்திக்கு மூச்சு வந்தது. கொன்றவன் தன் பிணத்தைச் சுற்றுவதற்கான கஃபன் துணியைத் தானே ஏந்தி, வெறுங்காலோடு செத்தவன் வீட்டுக்கு வர வேண்டும். வீட்டார் வாங்கிக்கொண்டால் பகை தீர்ந்தது. வாங்காவிட்டால் அந்தத் துணியிலேயே அவனைச் சுற்றிவிடுவார்கள்.

தாஹி வந்தான். முற்றம் நிறைய ஆட்கள். சித்தப்பா மகன் கலஃப் துப்பாக்கியை மடியில் வைத்துக்கொண்டு முறைத்தான். வாசலுக்கு வெளியே தாஹியின் ஆட்களும் சும்மா வரவில்லை.

ருஷ்தி துணியைத் தொட்டான். வழவழவென்று வழுக்கியது. பருத்தியே இல்லை, பாலியெஸ்டர். எந்த மடையன் வாங்கித் தொலைத்தானோ! விரலுக்குத் தெரிந்தது வாய்க்குத் தெரிய வேண்டாம் என்று அவன் துணியை வாங்கப் போனான்.

"இருடா" என்றாள் அவன் அம்மா வசீலா. காலமெல்லாம் நூல் நூற்றவள். துணியிலிருந்து ஓர் இழையை உருவி, தேநீர் அடுப்புக் கங்கில் வைத்தாள். பருத்தியென்றால் காகிதம்போல எரிந்து சாம்பலாகியிருக்கும். இது உருகிக் கறுப்பு மணியாகச் சுருண்டு நாறியது.

"பாருங்கடா! எம்புள்ள ரத்தத்துக்கு பிளாஸ்டிக்க கொண்டாந்திருக்கான்! இதச் சுத்தி எவனயாவது புதைக்க முடியுமா? நம்மள வச்சு வெளையாடுறான்!"

"அம்மா, சத்தியமா எனக்குத் தெரியாது. பருத்தின்னுதான் கடைக்காரன் குடுத்தான்" என்று தாஹி கெஞ்சினான்.

"பருத்திக் காட்டுலயே பொறந்த நாய்க்குப் பருத்தி தெரியாதா?" கலஃப் துப்பாக்கிக் கட்டையால் ஓங்கி அடித்தான். தாஹியின் மூக்கு நொறுங்கியது. விழுந்தவனின் விலாவில் உதைமேல் உதை. வாசலில் துப்பாக்கிகள் உயர்ந்தன. ருஷ்தி பாய்ந்து தாஹியின்மேல் கவிழ்ந்தான். அடுத்த அடி அவன் வாயில் இறங்கிப் பல்லைப் பெயர்த்தது.

"நிறுத்துங்கடா!" ரத்தத்தைத் துப்பிவிட்டு எழுந்து, தறிக்கூடத்துக்குள் ஓடினான். தறியில் இருந்த வெள்ளைத் துணியைக் கத்தியால் வெட்டிக் கிழித்தான். இழுத்து நின்ற பாவு நூல்கள் படபடவென்று அறுந்தன. வெளியே வந்து துணியை தாஹியின் முகத்தில் எறிந்தான்.

"இது பருத்தி. நானே நெய்தது. எந்திரிடா, இத ஏந்திக்கிட்டு வா."

"தள்ளிக்க அண்ணே" என்று கலஃப் குறிபார்த்தான்.

வசீலா துணியின் ஓரத்தைத் தடவிப் பார்த்தாள். அகலத்தைப் பார்த்தாள். "கஃபனாத்தான் நெய்திருக்க. யாருக்குடா?"

"எனக்கு."

"என்ன ஒளறுற?"

"அவனக் கொல்லு கொல்லுன்னு தெனமும் என்னத் துரத்துறியே. கொன்னா மறுநாளே எனக்கு வேணுமில்ல? அதான் தறியில போட்டு வச்சேன்."

ரத்தம் வழிகிற அந்த வாயிலேயே அவள் பளாரென்று அறைந்தாள். அப்படியே திரும்பி, கலஃபின் துப்பாக்கிக் குழலைத் தட்டிவிட்டாள்.

நிற்க முடியாத தாஹி முழங்காலால் நகர்ந்து வந்து துணியை நீட்டினான். வசீலா அவன் முகத்தில் காறித் துப்பினாள். பிறகு இரண்டு கைகளாலும் துணியை வாங்கிக்கொண்டாள்.